எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் 100 மி.லி. சலைனில் கலந்து அரை மணியில் விடலாமா?

கேள்வி: நர்சிங் முடித்துக் காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன். எந்த ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்து அரை மணி நேரத்தில் விடச் சொல்கிறார்கள். எல்லா மருந்துக்கும் இது சரியா அக்கா? டிஸ்சார்ஜ் ஆன பெரியவர்களுக்கு வீட்டுக்கே போய் ஊசி போடவும் அனுப்புகிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

சரியில்லை தங்கச்சி. பாதி மருந்துகளுக்கு அந்தக் கணக்கு பொருந்திவிடும். அதனால்தான் அது வார்டுகளில் பழக்கமாக நின்றுவிட்டது. பொருந்தாத மருந்து வருகிற அன்றைக்குத்தான் வினை. வான்கோமைசின் 1 கிராமை அரை மணியில் விட்டால் நோயாளி கழுத்து முகமெல்லாம் சிவந்து, பி.பி. இறங்கிக் கிடப்பார். அசித்ரோமைசின் 500 மி.கி.க்கு 100 மி.லி. போதவே போதாது. மெட்ரோனிடசோல் கலந்தே வருகிறது, அதை மறுபடி எதிலும் கலக்க வேண்டியதில்லை.

நான் இந்தப் பக்கத்து வார்டுகளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் முதல் நாளே சொல்வது இதுதான்: டாக்டர் எழுதும் 'ஒரு கிராம்' பாதி ஆர்டர்தான். எதில் கரைப்பது, எவ்வளவு நீர்ப்பது, எவ்வளவு நேரத்தில் விடுவது, குழாயில் எதோடு சேரக் கூடாது என்ற நான்கும் சேர்ந்தால்தான் அது முழு ஆர்டர். கேஸ் ஷீட்டில் இந்த நான்கும் இல்லையென்றால் டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

முதலில் கரைப்பது. தூளாக வரும் குப்பியின் மூடியை எடுத்ததும் ரப்பர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நேரே ஊசி குத்துகிறவர்கள் நிறைய. பிளாஸ்டிக் மூடி தூசிக்காகப் போட்டது, கிருமிக்காக அல்ல. 70 சதவீத ஆல்கஹால் ஸ்வாப்பால் ரப்பரை அழுத்தித் தேய்த்து, காய விட்டுப் பிறகு குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் தேய்த்ததற்குப் பலன் இல்லை. தண்ணீரைக் குப்பியின் உட்சுவர் வழியாக இறங்க விடுங்கள். தூளின் மேல் பீய்ச்சினால் பைப்பராசிலின்-டாசோபாக்டம் போன்ற மருந்து, அவசரத்தில் கரைத்த மாவு போலக் கட்டி தட்டும். பிறகு எத்தனை குலுக்கினாலும் நுரைதான் வரும். உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்றினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துகள் மிதந்தாலோ கலங்கலாக இருந்தாலோ அந்தக் குப்பி நோயாளிக்கு ஆகாது. செஃப்டாசிடிம் கரையும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். குப்பிக்குள் அழுத்தம் ஏறி சிரிஞ்சின் பிஸ்டன் தானாகப் பின்னுக்கு வரும். அது குப்பியின் கோளாறு அல்ல, அந்த மருந்தின் இயல்பு. வாயு வெளியேற விட்டுப் பிறகு உறிஞ்சுங்கள்.

தூளும் இடம் பிடிக்கும் என்பது குழந்தைகள் வார்டில் மிக முக்கியம். செஃப்ட்ரையாக்சோன் 1 கிராம் குப்பியில் 9.6 மி.லி. ஊற்றினால்தான் மொத்தம் 10 மி.லி.யாகி, மி.லி.க்கு 100 மி.கி. வரும். முழுக் குப்பியையும் போடும் பெரியவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. 3 மி.லி. எடுத்துக் குழந்தைக்குப் போடும்போது கணக்கு பிசகும். கம்பெனிக்குக் கம்பெனி இந்த அளவு மாறும், அதனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பார்க்காமல் குழந்தைக்கு அளக்காதீர்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கரைக்க எடுக்கும் 10 மி.லி. பிளாஸ்டிக் ஆம்பூல் டிஸ்டில்டு வாட்டர்தானா என்று எழுத்தைப் படித்துப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடும் அதே அளவில், கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் வருகிறது. நைட் டியூட்டியில், மங்கலான வெளிச்சத்தில், ஒரே டிரேயில் இரண்டும் கிடந்தால் கை எதை வேண்டுமானாலும் எடுக்கும். நீர்க்காத பொட்டாசியம் நரம்பில் ஏறினால் இதயம் நின்றுவிடும். உங்கள் வார்டில் அது மற்ற ஆம்பூல்களோடு கிடந்தால், தனிப் பெட்டியில் பூட்டி வைக்க இன்றைக்கே இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசுங்கள். இது ஒத்திப்போடக் கூடிய விஷயம் இல்லை.

அதே டிரேயில் இன்னொரு பழக்கத்தையும் பார்த்திருப்பீர்கள். 500 மி.லி. சலைன் பாட்டிலில் ஒரு ஊசியைக் குத்தி அப்படியே விட்டு, காலை முதல் இரவு வரை எல்லா நோயாளிக்கும் அதிலிருந்து உறிஞ்சிக் கரைப்பார்கள். சிக்கனம் என்பார்கள். குத்தி நிற்கும் ஊசி வழியே நாள் முழுக்க வார்டுக் காற்று அந்த பாட்டிலுக்குள் போகிறது. யாராவது ஒருவர் பயன்படுத்திய சிரிஞ்சோடு உறிஞ்சினால் ஒரு நோயாளியின் ரத்தம் அடுத்த பத்துப் பேருக்குப் போகும். கிருமியை ஒழிக்கப் போடும் மருந்திலேயே கிருமியைக் கலந்து கொடுக்கும் வேலை அது. ஒரு ஆளுக்கு, ஒரு முறைக்கு, ஒரு ஆம்பூல். இதில் பேரம் வேண்டாம்.

லிக்னோகெய்ன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செஃப்ட்ரையாக்சோனை தசையில் போடும்போது வலி தெரியாமலிருக்க 1 சதவீத லிக்னோகெய்னில் கரைப்பதுண்டு. அப்படிக் கரைத்தது தசைக்கு மட்டும்தான். மிச்சம் இருக்கிறதே என்று வென்ஃப்ளானில், அதாவது நரம்பில் போட்டிருக்கும் குழாயில், ஏற்றவே கூடாது. பால் போலிருக்கும் பென்சத்தீன் பென்சிலினும் தசைக்கு மட்டுமே உரியது. அது நரம்பில் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது நேரம். நான் அதிகம் சண்டை போட்டதும் இதற்காகத்தான். புதுவயல் பக்கத்திலிருந்து காலில் புண்ணோடு வந்த ஒரு சர்க்கரை நோயாளிக்கு வான்கோமைசின் எழுதியிருந்தார்கள். சிஸ்டர் சரியாகத்தான் கலந்து, மெதுவாகத்தான் சொட்ட விட்டுப் போனார். கூட இருந்த மகள், 'இது எப்ப முடியிறது, அப்பாவுக்குக் கை வலிக்குமே' என்று, சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் தள்ளித் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கழுத்தும் நெஞ்சும் செக்கச் செவேலென்று ஆகி, நகத்தால் பிறாண்ட ஆரம்பித்துவிட்டார். உடனே நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, அரிப்புக்கு ஊசி போட்டு, பி.பி. சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி மிக மெதுவாக ஆரம்பித்தார்கள். அடுத்த டோஸ்களை இரண்டு மணி நேரம் வைத்து விட்டபோது ஒரு சிவப்பும் இல்லை.

இது உண்மையான அலர்ஜி இல்லை, வேகத்தால் வருவது. வான்கோமைசின் வேகமாக ஏறினால் உடம்பில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. நிமிடத்துக்கு 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, எவ்வளவு சின்ன டோஸாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. 1 கிராமை 200 மி.லி.யில் கலந்தால் மி.லி.க்கு 5 மி.கி., அதற்கு மேல் செறிவு வேண்டாம். அப்படியானால் 100 நிமிடம் ஆகும். இதைத் தெரியாமல் கேஸ் ஷீட்டில் 'வான்கோமைசின் அலர்ஜி' என்று சிவப்பு மையால் எழுதிவிட்டால், பின்னாளில் அந்த மருந்து மட்டுமே காப்பாற்றும் நிலை வரும்போது அவருக்கு அது கிடைக்காமல் போகும். ஆனால் மூச்சு இழுத்தாலோ, பி.பி. விழுந்தாலோ ஆராய்ச்சி வேண்டாம், அலர்ஜி என்றே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

ரோலரைத் தொடக் கூடாது என்று கூட இருப்பவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். 'இந்த மருந்து மெதுவா ஏறினாத்தான் நல்லது, நீங்க திறந்துவிட்டா அப்பாவுக்கு மயக்கம் வரும்' என்று காரணத்தோடு சொன்னால் நம் ஊர் சனங்கள் கேட்பார்கள். தொடாதே என்று மட்டும் சொன்னால் நாம் அந்தப் பக்கம் போனதும் தொடுவார்கள்.

சொட்டுக் கணக்கு படிக்கும்போதே தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஐவி செட்டின் உறையில் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். நம்மிடம் பெரும்பாலும் 20, மைக்ரோ செட்டில் 60. மி.லி.யை அந்த எண்ணால் பெருக்கி நிமிடத்தால் வகுக்க வேண்டும். 200 மி.லி. வான்கோமைசின் 100 நிமிடத்தில் என்றால் 200 × 20 ÷ 100, நிமிடத்துக்கு 40 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து 15 வினாடியில் 10 சொட்டு விழுகிறதா என்று எண்ணினால் போதும். 100 மி.லி.யை அரை மணியில் விட 67 சொட்டு, ஒரு மணியில் விட 33. கை மடக்கினால், கட்டிலை ஏற்றினால் சொட்டின் வேகம் மாறும், அதனால் ஒரு தடவை எண்ணிவிட்டுப் போய்விடாதீர்கள். பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு, எதில் கலந்தது, ஆரம்பித்த நேரம், முடிய வேண்டிய நேரம், உங்கள் இனிஷியல் எல்லாம் எழுதுங்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவர் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்வார்.

மெதுவாக விடுவது ஆபத்தைத் தவிர்க்க மட்டும் அல்ல. பென்சிலின், செஃபலோஸ்போரின், மெரோபெனம் வகையெல்லாம் ரத்தத்தில் போதுமான அளவில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அந்த அளவுக்குக் கிருமியைக் கொல்லும். அதனால்தான் ஐசியூ டாக்டர்கள் பைப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராமை 4 மணி நேரம், மெரோபெனத்தை 3 மணி நேரம் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதாத இடத்தில் முன்னது அரை மணி, பின்னது 15 முதல் 30 நிமிடம். அமிக்காசின், ஜென்டாமைசின் வகைக்குக் கணக்கு வேறு. ரத்தத்தில் ஒரு உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க வேண்டும், 30 முதல் 60 நிமிடம் போதும். அதை நான்கு மணி நேரம் இழுத்தால் பலன் குறையும்.

டோஸுக்கு டோஸ் உள்ள இடைவெளியும் இதில் சேர்ந்ததுதான். மெரோபெனம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருப்பார்கள். நாம் வார்டு வசதிக்கு காலை 8, மதியம் 1, இரவு 8 என்று போட்டால் இரவில் 12 மணி நேரம் இடைவெளி விழும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவர் உடம்பில் அந்த மருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். விடியற்காலையில் ரத்தத்தில் ஒன்றும் இருக்காது, கிருமி நிம்மதியாகப் பெருகும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று போடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, குழாயில் தங்கும் மருந்து. பாட்டில் காலியானதும் ரோலரை மூடிக் கழற்றிப் போட்டுவிடுகிறோம். சொட்டு விழும் சேம்பரிலும் குழாயிலும் சுமாராக 15, 20 மி.லி. நிற்கும். 100 மி.லி.யில் கலந்த மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை குப்பைக் கூடைக்குப் போகிறது. ஒவ்வொரு டோஸிலும் இப்படிப் போனால், டாக்டர் எழுதிய அளவு நோயாளிக்குப் போய்ச் சேரவே இல்லை. காய்ச்சல் இறங்கவில்லை என்று அடுத்த பெரிய மருந்துக்கு மாற்றுவார்கள். அதற்கு அடிபணியாத கிருமி வளர நாமும் ஒரு காரணமாவோம். பாட்டில் தீர்ந்ததும் 25, 30 மி.லி. சலைனைத் தொங்கவிட்டுக் குழாயில் நிற்பதையும் உள்ளே அனுப்புங்கள். இதய வீக்கம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த மி.லி.யையும் இன்டேக் கணக்கில் எழுதுங்கள்.

அப்படி அனுப்பும்போதும் முன்பு விட்ட அதே வேகம்தான். குழாயில் 20 மி.லி. வான்கோமைசின் கலவை நிற்கிறது என்றால், மி.லி.க்கு 5 மி.கி. கணக்கில் அதில் 100 மி.கி. மருந்து இருக்கிறது. அது ஏற 10 நிமிடம் எடுக்க வேண்டும். முடிந்துவிட்டதே என்று சிரிஞ்சால் ஒரே தள்ளாகத் தள்ளினால், 100 நிமிடம் காத்த பொறுமை வீணாகிவிடும்.

குழாயில் மருந்தோடு மருந்து சந்திப்பதுதான் நான்காவது கேள்வி. செஃப்ட்ரையாக்சோனும் கால்சியமும் சேர்ந்தால் வெள்ளையாகத் திரியும். ஆர்எல்லில் (ரிங்கர் லாக்டேட் திரவத்தில்) கால்சியம் இருக்கிறது என்பதே பலருக்கு நினைவில் வருவதில்லை. ஆர்எல் ஓடிக்கொண்டிருக்கும் குழாயிலேயே த்ரீவே (மூன்று வழித் திருகு) வழியாக செஃப்ட்ரையாக்சோனைச் செலுத்துவது தினமும் எங்கேயோ நடக்கிறது. சில சமயம் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகளாக இருக்கும், அதுதான் இன்னும் மோசம். பச்சிளம் குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இந்தத் துகள் அடைத்து இறப்புகள் நேர்ந்த பிறகு, 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. 2009-இல் அதைத் திருத்தி, 28 நாளைத் தாண்டியவர்களுக்கு ஒன்றன் பின் ஒன்றாக, நடுவே குழாயை நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம் என்றது. 28 நாளுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால்சியம் கலந்த திரவம் போகிறது என்றால், வேறு கையில் வேறு குழாயில் கூட செஃப்ட்ரையாக்சோன் கூடாது. மஞ்சள் காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்கும் அது ஆகாது. பெரியவர்களுக்கு ஆர்எல்லை நிறுத்தி, சலைனால் கழுவி, மருந்தை விட்டு, மறுபடி கழுவி, பிறகு ஆர்எல்லைத் திறங்கள்.

பைப்பராசிலினையும் அமிக்காசினையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், அமிக்காசின் செயலிழந்துவிடும். வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோல் ஊசி போட்ட கையோடு அதே வென்ஃப்ளானில் ஆன்டிபயாட்டிக்கை ஏற்றாமல், நடுவில் சலைன் தள்ளுங்கள். சலைன், மருந்து, சலைன் என்ற வரிசை கையில் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

எதில் நீர்ப்பது என்பதற்கு நார்மல் சலைன் பெரும்பாலும் ஒத்துவரும். ஆக்மென்டினும் (அமாக்சிசிலின்-கிளாவுலனேட்) ஆம்பிசிலினும் டெக்ஸ்ட்ரோஸில், அதாவது குளுக்கோஸ் நீரில், சீக்கிரம் சிதையும், அவற்றுக்கு சலைன்தான். மெரோபெனத்தை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் உடனே விட்டாக வேண்டும். அசித்ரோமைசின் 500 மி.கி.யை 4.8 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, 250 மி.லி. என்றால் ஒரு மணி நேரம், 500 மி.லி. என்றால் மூன்று மணி நேரம். சிரிஞ்சில் நேராகத் தள்ளவே கூடாது. கிளிண்டாமைசினும் அப்படித்தான்: நீர்க்காமல் வேகமாகப் போட்டால் இதயமே நிற்கலாம். 600 மி.கி.யைக் குறைந்தது 50 மி.லி.யில் கலந்து, 20 நிமிடத்துக்குக் குறையாமல் விட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் பாட்டிலுக்கு ஒரு மணி நேரம், லீவோஃப்ளாக்சசின் 500 மி.கி.க்கு ஒரு மணி, 750-க்கு ஒன்றரை மணி. பூஞ்சைக் காய்ச்சலுக்குப் போடும் ஆம்ஃபோடெரிசின் ஆன்டிபயாட்டிக் பட்டியலில் வராது, ஆனாலும் நினைவில் வையுங்கள்: அதற்கு சலைன் ஆகாது, படிந்துவிடும். டெக்ஸ்ட்ரோஸ் மட்டுமே.

நம் ஊருக்கென்றே உள்ள சிக்கல் வெயில். மருந்துத் தாளில் 'அறை வெப்பநிலையில் இத்தனை மணி நேரம் நிற்கும்' என்று போட்டிருப்பது 25 டிகிரியை வைத்து. சித்திரை, வைகாசியில் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஏசி இல்லாத வார்டில் மதியம் 2 மணிக்கு 25 டிகிரி எங்கே இருக்கிறது? ஜன்னலோரக் கட்டிலில் வெயில் நேரே பாட்டில் மேல் விழும். பென்சிலின் வகை மருந்துகள் நீரில் கரைந்த நிமிடத்திலிருந்தே மெல்ல உடையத் தொடங்கும், சூட்டில் இன்னும் வேகமாக. ஆக்மென்டின் 1.2 கிராமைக் கரைத்தால் 20 நிமிடத்துக்குள் ஊசியாகப் போட்டுவிட வேண்டும் அல்லது 100 மி.லி. சலைனில் சேர்த்துத் தொங்கவிட வேண்டும். ரவுண்ட்ஸ் வரும் முன்பே பத்துப் பேருக்கும் கரைத்து டிரேயில் அடுக்கி வைக்கும் வழக்கத்தைக் கோடையிலாவது நிறுத்த வேண்டும். ஒருவருக்குக் கரையுங்கள், விடுங்கள், அடுத்தவரிடம் போங்கள். வேலை கூடும், தெரியும். ஆனால் உடைந்துபோன மருந்தை ஏற்றுவதைவிட அரை மணி பிந்திப் போடுவது மேல். மெரோபெனத்தை 3 மணி நேரம் விடச் சொன்னால் அந்த நோயாளியின் கட்டிலை வெயில் படாத இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைப்பதும் தீர்வு இல்லை, மெட்ரோனிடசோல் குளிரில் படிகமாகிவிடும்.

காத்திருக்கக் கூடாத டோஸ் ஒன்று உண்டு. நோய்த்தொற்றால் பி.பி. விழுந்து வரும் நோயாளிக்கு முதல் ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டு உடனே ஆரம்பியுங்கள். கல்ச்சர் பாட்டில் தேடிக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அலர்ஜிக்கு வருகிறேன். கையில் சின்னதாகக் குத்திப் பார்க்கும் டெஸ்ட் டோஸை உங்கள் மருத்துவமனை விதி கேட்டால் செய்யுங்கள். ஆனால் அதில் ஒன்றும் வரவில்லை என்பதால் முழு டோஸில் ஒன்றும் வராது என்று நிம்மதி அடையாதீர்கள். வாயால் கேட்பதுதான் அதைவிடப் பெரிய டெஸ்ட். 'உங்களுக்கு மருந்து அலர்ஜி உண்டா?' என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். 'முன்னாடி எப்பவாவது ஊசி போட்டோ மாத்திரை சாப்பிட்டோ மேலெல்லாம் தடிச்சிருக்கா? உதடு வீங்கிச்சா? மூச்சு முட்டிச்சா?' என்று கேளுங்கள். மகன், மருமகளிடமும் கேளுங்கள். முதல் டோஸ் ஆரம்பித்ததும் முதல் 15 நிமிடம் அந்தக் கட்டிலைக் கண்ணில் வைத்திருங்கள்.

மூச்சிரைப்பு, குரல் கம்முதல், மேலெல்லாம் தடிப்போடு மயக்கம் என்று வந்தால் மருந்தை நிறுத்தி ஆள் கூப்பிடுங்கள். வென்ஃப்ளானைப் பிடுங்காதீர்கள், அது வேண்டும். மருந்து நிற்கும் செட்டைக் கழற்றிப் புதிய செட்டில் சலைன் போடுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், எழுப்பி நடக்க வைக்காதீர்கள். பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி., அதாவது ஒரு மி.லி.க்கு 1 மி.கி. ஆம்பூலிலிருந்து 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மி.கி. சரியாகவில்லை என்றால் 5 நிமிடத்தில் மறுபடி. அரிப்புக்குப் போடும் ஏவிலும், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனும் பிறகு வரட்டும், உயிரைப் பிடித்து நிறுத்துவது அட்ரினலின்தான். இதற்கான நிலையாணையை (ஸ்டாண்டிங் ஆர்டர்) டாக்டர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வார்டில் ஒட்டி வையுங்கள்.

வென்ஃப்ளான் இருக்கும் இடத்தை ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடு, சிவப்பு, கயிறு போலத் தடித்த நரம்பு, தொட்டால் முகம் சுளிப்பது, இதில் எது இருந்தாலும் அதை எடுத்துவிட்டு வேறிடம் போடுங்கள். இன்னும் ஒரு டோஸ் ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள்.

இனி வீட்டுக்குப் போய்ப் போடுவது. நம் பக்கத்தில் இது கூடிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சியும் துணைக்கு ஒரு ஆளும்தான். ஆஸ்பத்திரி ஆகாது, வீட்டிலேயே ஊசியை முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். போகலாம். ஆனால் எந்த ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸும் வீட்டில் வேண்டாம். மருத்துவமனையில் ஏற்றி ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த மருந்தை மட்டும் வீட்டில் தொடருங்கள். டாக்டரின் ஆர்டர் கையெழுத்தோடு கையில் இருக்க வேண்டும், போனில் சொன்னது போதாது. அட்ரினலின் ஆம்பூல், சிரிஞ்ச், பி.பி. கருவி, 108-ஐக் கூப்பிடும்போது சொல்ல வேண்டிய வீட்டு அடையாளம் எழுதிய தாள், எல்லாம் பையில் இருக்கட்டும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் நம்முடையவை, ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வர வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கரைப்பதற்கு முற்றத்து ஓரம் வேண்டாம், காற்றில் தூசி பறக்கும். உள்ளறையில் ஒரு மேசையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கையைச் சோப்பால் கழுவிக் கரையுங்கள். பாட்டிலைத் தொங்கவிடப் பெரும்பாலும் ஜன்னல் கம்பிதான் கிடைக்கும். அது நோயாளியின் கைக்கு மேல் சுமார் மூன்றடி உயரத்தில் இருக்கிறதா, சொட்டு சீராக விழுகிறதா என்று பாருங்கள். 'நீ போ அப்பு, முடிஞ்சதும் வேலைக்காரப் பொண்ணு கழட்டிரும்' என்று ஆச்சி பிரியமாகத்தான் சொல்வார்கள். போகக் கூடாது. மருந்து முழுதும் ஏறி, சலைன் தள்ளி, இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்றால், ஒரு நாளைக்கு இத்தனை வீடுதான் முடியும் என்று அனுப்புகிறவர்களிடம் சொல்லுங்கள். பயன்படுத்திய ஊசியை அந்த வீட்டுக் குப்பையில் போடாமல் கெட்டியான டப்பாவில் போட்டு மருத்துவமனைக்கே எடுத்து வாருங்கள். நகராட்சித் தொழிலாளி வெறும் கையால் அள்ளும் குப்பை அது.

சீனியர்களிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். வாயால் வாதம் செய்ய வேண்டாம். உங்கள் வார்டில் அடிக்கடி வரும் மருந்துகளின் பெட்டித் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். எதில் கரைப்பது, எவ்வளவு நீர்ப்பது, எத்தனை நிமிடம், எத்தனை சொட்டு, எதோடு சேராது என்று ஒரே அட்டையில் தமிழில் எழுதுங்கள். கம்பெனி மாறினால் தாளையும் மாற்ற வேண்டும் என்பதையும் அதில் குறியுங்கள். டாக்டரிடமும் பார்மசிஸ்டிடமும் காட்டித் திருத்தி, கையெழுத்தும் தேதியும் வாங்கி, மருந்து கலக்கும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். அதை வைத்து சீனியர் சிஸ்டரிடம், 'அக்கா, வான்கோமைசினுக்கு 100 நிமிடம்னு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, அப்படியே விடட்டுமா?' என்று கேளுங்கள்.